சாத்திய ஷட்டருக்குள்

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடுபிடித்திருந்த வருஷம் அது. கொரோனாவும் முழுதாக ஓயவில்லை. கள்ளக்குறிச்சி பஸ் நிலையத்துக்குப் பின்னால், அறிவுச்செல்வனின் லேசர் கட்டிங் கடையில் மெஷின் ஓட்டும் எழில்மதி, அன்று காலை வந்த மஞ்சள் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஒரு வாரமாக அவள் லேசர் மெஷினில் போராட்ட பேட்ஜ் வெட்டியது, பின்பக்கம் பசை தடவிய ஃபெல்ட் துணியில். அது கம்பளிபோல மெத்தென்று இருக்கும். இது வழுவழுவென்றிருந்தது.

மெஷினை மாட்டிவிட்டுப் போனவர் ஒரு சோதனை சொல்லித் தந்திருந்தார். செம்புக் கம்பியைப் பழுக்கக் காய்ச்சி, ஷீட்டில் தொட்டு, மறுபடி நெருப்பில் காட்ட வேண்டும். சுடர் பச்சையாக எரிந்தால் அதை லேசரில் வைக்கவே கூடாது. எழில்மதி காட்டினாள். சுடர் பச்சையாக எழுந்தது.

"அண்ணா, இது ஃபெல்ட் இல்ல, ரெக்ஸின். வெட்டுனா விஷப் புகை வரும்னு அந்த ஆளு சொல்லிட்டுப் போனாரில்ல?"

"நீ எப்பம்மா விஞ்ஞானி ஆன? ஃபெல்ட் தீந்துபோச்சி, லாரி ஓடல. மஞ்சளா இருக்குது, ஒட்டுது. வேற இன்னா வேணும்? மத்தியானம் மறியலுக்குள்ள முடிச்சுக் குடு."

"பொகையாவது வெளிய போவணுமே."

"மாஸ்க் போட்டுக்கினுதான இருக்க?"

கடைக்கு ஜன்னல் கிடையாது. புகைக்குழாய் ஷட்டரின் அடிவழியாகத்தான் தெருவுக்குப் போகும். ஆனால் அன்று கடையடைப்பு. போராட்டம் நடத்தும் சங்கத்துக்கு பேட்ஜ் செய்கிறவனே கடை திறந்து வைத்தால் ஊர் சும்மா விடுமா? அறிவுச்செல்வன் குழாயை உள்ளே இழுத்துப் போட்டான். ஷட்டரை இறக்கி வெளியே பூட்டினான். வெட்டி வைத்திருந்த பேட்ஜுகளை எடுத்துக்கொண்டு ஊர்வலத்துக்குப் போனான். இந்த வேலை போனால் கருணாபுரம் காலனிப் பெண்ணான அவளுக்கு ஊரில் வேறெந்த மெஷினும் காத்திருக்கவில்லை. எழில்மதி பட்டனை அழுத்தினாள்.

முதலில் கண் எரிந்தது. பிறகு தொண்டை. மெஷினை நிறுத்திவிட்டு ஷட்டரைத் தட்டினாள். வெளியே கோஷம் போட்டுக்கொண்டு போனவர்கள் யார் காதிலும் அது விழவில்லை.

மறியல் நேரத்துக்கு மீதி பேட்ஜை எடுக்க வந்து பூட்டைத் திறந்த அறிவுச்செல்வன், ஷட்டரை ஒட்டி அவள் விழுந்து கிடப்பதைக் கண்டான்.

உயிர் தங்கியது. நுரையீரல் இனி பழையபடி ஆகாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நாலு அடி நடந்தால் மூச்சு வாங்கியது. ஒரு மாதம் கழித்து ஆரஞ்சுப் பழத்துடன் ஆஸ்பத்திரிக்கு வந்த அறிவுச்செல்வன் தரையைப் பார்த்தபடி நின்றான்.

"மெஷின்ல இப்ப யாருண்ணா?"

"ரம்யான்னு ஒரு பொண்ணு."

"பைப்பு வெளிய போறதுக்குச் சுவத்துல ஓட்ட போட்டாச்சா?"

அவன் பழப் பையைக் கட்டிலோரம் வைத்துவிட்டுக் கிளம்பத் திரும்பினான்.

எழில்மதி மூச்சைச் சேர்த்துச் சேர்த்துப் பேசினாள். "இன்னான்னு தெரியாத ஷீட்ட மெஷின்ல வைக்கக் கூடாது. பொக வெளிய போவ வழி இல்லாம வெட்டக் கூடாது. வேல செய்றவ வேணாம்னா நிறுத்திடணும். நாயம் கேட்டு ரோட்டுக்குப் போனீங்க, தப்பில்ல. உங்க ஷட்டருக்குள்ள மூச்சு வுடறதும் ஒருத்தி உரிமதாண்ணா."