எந்த லிஜோ?

முட்டத்துக் கடற்கரையில் நின்று லிஜோ என்று ஒரு சத்தம் போட்டால் நாலு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள். அப்படி மலிந்த பெயர். இது தெரிந்தும் நர்ஸ் ரெஜிஷா வாயை விட்டு மாட்டிக்கொண்டாள். நுணலும் தன் வாயால் கெடும் என்பதைத் தவளைக்கு மட்டுமா சொல்லி வைத்தார்கள்?

இனி ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றுமில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்களை, வீடு வீடாகப் போய்ப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. செசிலிக்கு ஈரலில் வந்த புற்று எலும்பிலும் ஏறியிருந்தது. மூச்சும் முட்டியது. அன்று காலை அவள் கட்டிலருகில் நின்றுதான் ரெஜிஷா ஆபீசுக்குப் போன் செய்தாள், ஆக்சிஜன் சிலிண்டர் தீரப்போகிறதென்று.

"லிஜோ வாறானா? சரி, வரட்டும். நாங்க பாத்துக்கிட்டு இருக்கோம்" என்று சொல்லி வைத்தாள்.

சிலிண்டர் வண்டி ஓட்டுகிறவன் பெயர் லிஜோ. செசிலியின் மகன் பெயரும் லிஜோ. ஒக்கிப் புயலில் வள்ளத்தோடு கடலில் போனவன்; உடல்கூடக் கரைக்கு வரவில்லை. வெறும் பெட்டியை வைத்தாவது அடக்கம் செய்வோம் என்று ஊரார் வந்தபோது, "எனக்க மோன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்லுவேன்?" என்று வாசலை மறித்து நின்றவள் செசிலி. அன்றிலிருந்து அந்த வீட்டு முன்கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டதில்லை. கடல்காற்று அதைத் தள்ளும். தள்ளும்போதெல்லாம் அவள் "ஆரு?" என்பாள்.

போனை வைத்துவிட்டு ரெஜிஷா வலி தணிக்கும் மார்ஃபின் மருந்தோடு திரும்பினால், செசிலி வாயை இறுக்கி மூடிக்கொண்டாள்.

"வேண்டாம் மோளே. இதக் குடிச்சா உறங்கிப் போவேன். அவன் வரும்ப நான் முழிச்சிருக்கணும்."

எந்த லிஜோவைச் சொல்கிறாள் என்று ரெஜிஷாவுக்குப் புரிந்தது. மருந்துக்காக எவ்வளவு கெஞ்சியும் செசிலி மாட்டேனென்று தலையை ஆட்டினாள்.

மத்தியானம் நோவு ஏறியது. கட்டில் சட்டத்தைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன. அவள் கத்தவில்லை, கண் மட்டும் வாசலை விட்டு அசையவில்லை. மகள் லிஜி ரெஜிஷாவை அடுக்களைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

"சிஸ்டர், அந்த டிரைவர் வந்ததும் அம்மைக்க கையப் பிடிச்சு, அம்மான்னு ஒரு வார்த்த கூப்பிடச் சொல்லுங்க. கண்ணுதான் மங்கிப்போச்சே. நிம்மதியாட்டு மருந்து குடிச்சிருவா."

"செத்தவனுக்க வேஷத்த இன்னொருத்தனப் போடச் சொல்லணுமா லிஜி?"

"பின்ன, இப்படித் துடிச்சே சாவணுமா? வாறான்னு சொன்னது நீங்கதான?"

சுருக்கென்று தைத்தது. லிஜி சொன்ன வழிதான் சுலபம். ரெஜிஷாவுக்கே அதில் ஆசை தட்டியது. அந்நேரம் பார்த்து முன்கதவு கிரீச்சிட்டது.

"மக்கா?" என்றாள் உள்ளேயிருந்து செசிலி.

ஆரு என்று கேட்கவில்லை. மக்கா. அது நோவில் கிடப்பவளின் குரலே இல்லை. பிள்ளை பள்ளிக்கூடம் விட்டு வரும்போது வீட்டில் கேட்கும் குரல். வெறும் காற்றுதான். ஆனாலும் இரண்டு பேரும் எட்டிப் பார்த்தார்கள். இந்தக் குரலுக்கு முன்னால் யாரோ ஒருவனைக் கொண்டு நிறுத்துவது பாவம் என்று ரெஜிஷாவுக்குப் பட்டது.

அவள் போய்க் கட்டிலில் உட்கார்ந்து செசிலியின் கையை எடுத்துக்கொண்டாள்.

"அம்மா, காலைல நான் சொன்னது சிலிண்டர் கொண்டு வாற டிரைவர. அவனுக்கும் லிஜோன்னாக்கும் பேரு."

செசிலி வாசலிலிருந்து கண்ணை எடுத்து அவளைப் பார்த்தாள். பிறகு, "அப்போ எனக்க மோன்?" என்றாள்.

ரெஜிஷா பிடித்த கையை விடவில்லை. "வரமாட்டான் அம்மா. கடல்லயே செத்துப்போனான்."

லிஜி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். செசிலி அழவில்லை.

"கப்பல்காரன் ஏத்திட்டுப் போயிருப்பான், ஏதோ நாட்டு ஜெயில்ல இருப்பான்னுல்லா எல்லாரும் சொன்னாங்க. பெட்டி வைக்க வந்தவங்ககூட இப்படி வாய்விட்டுச் சொல்லல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "அவன் வரமாட்டாம்னா நான் போலாமே மோளே. வரும்ப வீட்டுல ஆளு இல்லன்னா ஏங்கிப் போவானேன்னுதான் கிடந்தேன்."

வாயைத் திறந்தாள். மருந்து இறங்கியதும் நெற்றிச் சுருக்கம் மெல்ல விட்டது.

"ஏட்டி லிஜி, அந்தக் கதவ அடை. காத்தடிக்குது."

தாழ்ப்பாள் துருப்பிடித்திருந்தது. லிஜி இரண்டு கையாலும் தள்ளித்தான் போட முடிந்தது.

மாதா கோயிலில் அந்தி மணி அடிக்கும்போது செசிலியின் மூச்சு அடங்கியது. ரெஜிஷா அவள் கண்களை மூடி, தாடையைத் துணியால் கட்டிக்கொண்டிருந்தாள். அப்போது யாரோ கதவைத் தட்டினார்கள்.

"அம்மா, லிஜோவாக்கும். கதவத் தொறங்க."

சிலிண்டர்தான், வேறு ஒன்றுமில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். தெரிந்தும் ரெஜிஷாவின் கை துணியின் முடிச்சிலேயே நின்றுவிட்டது. லிஜி எழுந்து போய்த் தாழ்ப்பாளில் கை வைத்தாள். திறக்கவில்லை. கதவோடு வாயை வைத்து, மெதுவாகக் கேட்டாள்.

"எந்த லிஜோ?"