இடது பக்கம் கொஞ்சம் கம்மி

அந்த ஹெட்போனைத் தலையில் மாட்டியதுமே ரகுபதிக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. காலையிலிருந்து முப்பது பேருடைய காதாவது அதற்குள் போய் வந்திருக்கும். கறுப்பு ரெக்சின் மெத்தை யார் யாருடைய வேர்வையிலோ ஊறி, வெதுவெதுப்பாக, தேங்காயெண்ணெய் வாடையோடு இரண்டு கன்னத்தையும் அழுத்தியது. சாங்கி விமான நிலையத்தில் சரக்கு விமானங்களின் பக்கத்தில் நின்று வேலை பார்ப்பவர்களுக்கு வருடம் ஒரு தடவை காதுச் சோதனை உண்டு. ஒரு வேன் வரும். வேனுக்குள் அலமாரி அளவுக்கு ஒரு சின்ன அறை. அதற்குள் உட்கார்ந்து, பீப் சத்தம் கேட்கும்போதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். ரகுபதி இருபத்து மூன்று வருடமாக அழுத்திக்கொண்டிருக்கிறார்.

வலது காதில் எல்லாம் வந்தது, கொசு பறப்பது போன்ற மெல்லிய சத்தம்வரை. இடது காதுக்கு மாறியதும் தடித்த சத்தங்கள் இரண்டு மூன்று கேட்டன. அப்புறம் ஒன்றும் இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிவானி என்று பெயர் அட்டை மாட்டிய பெண் விசையை அழுத்திக்கொண்டே இருந்தாள். அவள் விரல் அசைவது தெரிகிறது, சத்தம் வரவில்லை. ரகுபதி கதவைத் தட்டினார்.

"இதுல லெஃப்ட் சைடு போயிருக்கும்மா. ரொம்ப வீக்கா இருக்கு."

"காலையிலேர்ந்து எல்லாருக்கும் ஓகேயாதான் இருந்துச்சு அங்கிள்."

"நான் சொல்றேன்ல. இதெல்லாம் எனக்குக் கேட்டாலே தெரிஞ்சுரும்."

அவள் மல்லுக்கு நிற்கவில்லை. உள்ளே வந்து ஹெட்போனைக் கழற்றி, வலது மூடி இடது காதுக்கு வருகிற மாதிரி திருப்பி மாட்டிவிட்டுப் போனாள். கோளாறு ஹெட்போனில் என்றால் அது இப்போது வலது காதுக்கு இடம் மாறியிருக்க வேண்டும். மாறவில்லை. வலது காதில் மணி மணியாகக் கேட்டது. இடது காது அப்படியே கிடந்தது.

அச்சடித்துக் கொடுத்த தாளில் வலது காதின் கோடு நேராக ஓடியது, இடது காதின் கோடு பாதி வழியில் பள்ளத்தில் விழுந்திருந்தது. "போன வருஷமே டிராப் இருந்திருக்கு அங்கிள். லெட்டர் வந்திருக்குமே?" என்றாள் சிவானி. வந்திருந்தது. கோப்பித்தியாம் காப்பிக்கடை டேபிளில் வைத்துப் பார்த்துவிட்டு, இந்த வேன் ஹெட்போனின் லட்சணத்துக்கு இப்படித்தான் வரும் என்று தன் வாட்ஸ்அப் குழுவில் கிண்டலாக எழுதி எண்பது பேரைச் சிரிக்க வைத்தார். "காது மூடி போடுறீங்கதானே?" என்று கேட்டாள். போடுகிறார். ஆனால் தளத்தில் எல்லாரும் போடுகிற மாதிரி போடுகிறார். வாக்கி டாக்கியில் பேசுவது கேட்க வேண்டுமே, அதற்காக இடது மூடியை மட்டும் காதுக்கு மேலே தள்ளி வைத்துக்கொள்வது. விமானத்தின் வால்பக்க இயந்திரம் அலறிக்கொண்டிருக்கும்போதும் அப்படித்தான். இருபத்து மூன்று வருடம்.

காது போனதைவிட அவரை உறுத்தியது வேறொன்று. அந்தப் பெண் செய்தது ஒரு நொடி வேலை. திருப்பி மாட்டிப் பார்ப்பது. 'நல்ல காது' குழுவில் புதிதாக யார் வந்து ஒரு பக்கம் சத்தம் கம்மி என்று புலம்பினாலும் ரகுபதி எழுதுகிற முதல் பதில் அதுதான். குறைந்தது நாற்பது பேருக்கு எழுதியிருப்பார். தனக்கு மட்டும் ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை.

'நல்ல காது' என்பது சிங்கப்பூர்த் தமிழ் ஹெட்போன் பித்தர்களின் வாட்ஸ்அப் குழு. மூன்றாயிரம் நாலாயிரம் டாலர் என்று கொட்டி வாங்குகிற கூட்டமில்லை. சம்பளக்காரர்கள் மாதக்கணக்கில் யோசித்து வாங்குகிற நடுத்தர ரகம்தான். அதில் ரகுபதியின் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. எது எத்தனை மணி நேரத்தில் உச்சந்தலையை வலிக்க வைக்கும், எது கண்ணாடி போட்டவரின் காதோரத்தை நசுக்கும், எதற்குப் போன் போதும், எதற்குத் தனியாகச் சத்தத்தைக் கூட்டும் ஆம்ப் வேண்டும் என்றெல்லாம் பக்கம் பக்கமாக எழுதுவார். "நடுக்குரலில் வெண்ணெய் இறங்குகிறது" என்றுகூட ஒருமுறை எழுதினார். இன்று அதை நினைத்தால் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

இரண்டு வருடமாக அவருக்கு இடது பக்கம் கொஞ்சம் கம்மியாகக் கேட்டுவந்தது. முதலில் வயரை மாற்றினார். பிறகு முந்நூறு ஓம் ஹெட்போனுக்கு இந்தச் சின்ன ஆம்ப் திணறுகிறது என்று பெரிய ஆம்ப் வாங்கினார். செங்கல் கனத்தில் இருந்த அது மேசையில் தோசைக்கல்லாய்ச் சுட்டது. சத்தம் கூடியது, இடது கூடவில்லை. ஹெட்போனை விற்றுவிட்டு இன்னொன்று வாங்கினார். அதிலும் அதே கதை. மூன்றாவதாகத்தான் யாசரிடம் வாங்கினார்.

யாசர் பொங்கோலில் வீட்டிலேயே ஹெட்போன் ரிப்பேர் செய்கிறவன். பழையதை வாங்கி, புது மெத்தை போட்டு, தானே வயர் முறுக்கி விற்பான். குழுவில் பாதிப்பேர் அவனிடம்தான் போவார்கள். வாங்கிய மூன்றாவது வாரம் ரகுபதி குழுவில் அவனைப் பற்றி எழுதினார். உள்ளே சத்தம் எழுப்பும் இடது டிரைவர் செத்த சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்று எழுதினார். அதோடு நிற்கவில்லை. சாம்பல் நிற வெல்வெட் மெத்தையில் ஓரமாகக் கருப்பாக ஒரு கறை பிசுபிசுவென்று இருந்தது. அதைக் கிட்டே வைத்துப் படமெடுத்து, "எவனுடைய அழுக்கையோ என் காதில் ஒட்ட வைத்திருக்கிறான்" என்று சேர்த்தார். படம் அருமையாக வந்திருந்தது. பார்த்தவர்கள் சாப்பாட்டு நேரத்தில் இதைப் போடலாமா என்று கேட்டார்கள்.

யாசர் குழுவில் ஒன்றும் சொல்லவில்லை. தனியாக ஒரு வரி அனுப்பினான். "அண்ணே, ஒருவாட்டி திருப்பிப் போட்டுப் பாருங்க." எனக்கே பாடமா என்று அந்த வரியையும் படமெடுத்துக் குழுவில் போட்டார் ரகுபதி. ஞானசேகரன் யாசரைக் குழுவிலிருந்து நீக்கினார். ஞானசேகரன் வங்கிக்காரர், குழுவின் நிர்வாகி, எழுத்துப்பிழையைக்கூடத் தட்டிக்கேட்கிற ஆள். அதற்கடுத்த இரண்டு நாளில் நடந்ததைத்தான் இப்போது ரகுபதி திரும்பத் திரும்ப நினைத்துப் பார்த்தார். யாசரிடம் முன்பு வாங்கியவர்கள் ஒவ்வொருவராக எழுத ஆரம்பித்தார்கள். "ஆமா ரகு அண்ணே, இப்ப கவனிச்சா எனக்கும் லெஃப்ட் கம்மிதான்." ஒருவரில்லை, ஆறு பேர். ஒரு செத்த காது சொன்னதைக் கேட்டு ஆறு நல்ல காதுகள் தலையாட்டியிருந்தன.

வீட்டுக்கு வந்து தாளை மனைவியிடம் காட்டினார். அனிதா அதை வாங்கிப் பார்க்கவேயில்லை.

"நான் ரெண்டு வருஷமா உங்களுக்கு வலது பக்கமாத்தான் படுக்குறேன். ஏன்னு கேட்டீங்களா?"

சனிக்கிழமை மத்தியானம் பொங்கோலுக்குப் போனார். கதவு திறந்துதான் இருந்தது. வாசலில் உணவு டெலிவரிப் பை ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. யாசருக்கு முப்பது வயதிருக்கும். தலையைச் சுத்தமாக மழித்திருந்தான். ரகுபதி இதுவரை அவனை நேரில் பார்த்ததில்லை, ஹெட்போனைத் தபாலில்தான் வாங்கினார், தபாலில்தான் திருப்பி அனுப்பினார். காசை மறுநாளே திருப்பிவிட்டான். "வாங்கண்ணே" என்றான். உட்காரச் சொல்லவில்லை.

ரகுபதி தாளை நீட்டினார். யாசர் அதைப் பார்த்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து, அந்த ஹெட்போனின் சத்தத்தை அளந்த படத்தைக் காட்டினான். இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கோடு. ஒன்றின்மேல் ஒன்று ஒட்டிப்போய் ஒரே கோடாகத் தெரிந்தது. பிறகு இழுப்பறையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து மேசையில் வைத்தான். உள்ளே அந்தச் சாம்பல் மெத்தைகள்.

"புதுசு போட்டுத்தாண்ணே உங்களுக்கு அனுப்புனேன். இது டை. ஹேர் டை. வேர்த்தா இறங்கும்."

அவனுடைய மொட்டைத் தலையை ஒருமுறை பார்த்த ரகுபதியின் கை தானாகத் தன் கிருதாவுக்குப் போனது. ஞாயிற்றுக்கிழமைதோறும் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு பூசுகிற சமாச்சாரம். எண்பது பேரை முகம் சுளிக்க வைத்த அழுக்கு அவருடைய சொந்த அழுக்கு. கையை எடுத்துப் பார்த்தார். விரல் நுனியில் மெல்லிய கருப்பு. சீ என்று இருந்தது. சட்டையில் துடைக்கவும் கூசியது, அப்படியே வைத்திருக்கவும் முடியவில்லை.

"இதை அப்பவே குரூப்ல போட்டிருக்கலாமே நீ?"

"போட்டா நம்பியிருப்பாங்களா?" யாசர் சிரிக்கவில்லை. "ஆறு பேரு திருப்பி அனுப்பிட்டாங்க. புதுசா யாரும் வரல. இப்ப டெலிவரிதான் ஓட்டுறேன்."

"தப்புதாம்ப்பா. சாரி."

"சாரி எனக்கு எதுக்குண்ணே? எங்க எழுதுனீங்களோ அங்க எழுதுங்க."

கிளம்பும்போது அதே ஹெட்போனைப் பெட்டியில் போட்டுக் கொடுத்தான். புது மெத்தை, புது வயர். வலதுக்குச் சிவப்பு, இடதுக்குக் கருப்பு. "நாளைக்கு உங்க மீட்டிங்தானே? எல்லாரும் கேட்டுப் பாக்கட்டும்" என்றான்.

குழு மாதம் ஒரு ஞாயிறு லிட்டில் இந்தியாவில் ஒரு சாப்பாட்டுக்கடை மாடியில் கூடும். வடைத் தட்டுகளுக்கும் தே தாரிக் டீக் கோப்பைகளுக்கும் நடுவில் ஹெட்போன்களும் ஆம்ப்களும் பரப்பிக் கிடந்தன. சாம்பார் விரலோடு ஒருவர் வெள்ளி வயரைத் தடவிப் பார்த்தார். ரகுபதி அந்தக் கறைப் படத்தைப் போட்ட பிறகு புது வழக்கம் ஒன்று வந்திருந்தது. மெத்தைகளுக்கு வெள்ளைத் துணியுறை, ஆஸ்பத்திரித் தொப்பி மாதிரி. மூடியில் இருக்கிற எல், ஆர் எழுத்துகளையும் சேர்த்து அது மூடிவிடும். ஏழெட்டுப் பேர் வெள்ளை மூடிகளோடு கண்ணை மூடித் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள். போன மாதம்வரை தானும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தோம் என்பதை ரகுபதியால் சகிக்க முடியவில்லை.

எழுந்து நின்று சொன்னார். நன்றாகச் சொல்ல வரவில்லை. தாளைக் காட்டினார், காது போனதைச் சொன்னார், டையைச் சொன்னார், யாசர் மேல் தப்பில்லை என்று இரண்டு தடவை சொன்னார். அப்புறம் யாரோ பரிதாபமாக "வயசானா அப்படித்தாண்ணே" என்றார்கள். ஒருவர் நல்ல காது டாக்டர் இருப்பதாகச் சொன்னார். கேலாங் பக்கம். ரகுபதியின் காதைப் பற்றி எல்லாரும் பேசினார்கள். யாசரைப் பற்றி ஒருவரும் பேசவில்லை.

"சரி, அவனைத் திருப்பிச் சேத்துருங்க ஞானா" என்றார் ரகுபதி.

"உங்க காது விஷயம் வேற, ரகு. எங்க ஆறு பேருக்கும் கேட்டுச்சே, அது பொய்யா? பாலா இருக்காரு, கேளுங்க." ஞானசேகரன் கையை நீட்டினார். "குடுங்க, இப்பவே பாத்துரலாம் லா. நான் ஓப்பன் மைண்டடாத்தான் கேக்குறேன்."

உறை போட்டு, மாட்டிக்கொண்டு, ஆம்பின் சத்தத்தைக் கூட்டி, கண்ணை மூடினார். அவர் முகத்தில் ஒரு பக்திகூட வந்தது. ஒரு நிமிடம் கழித்து வருத்தமாகத் தலையை அசைத்து, இடது காதை விரலால் இரண்டு தட்டு தட்டிக் காட்டினார். "கம்மிதான். லேசா. ஆனா இருக்கு."

ரகுபதி அவர் தோளைப் பார்த்தார். சிவப்பு வயர் அவருடைய இடது தோளில் தொங்கியது. உறை எழுத்தை மறைத்திருந்ததால் தலைகீழாக மாட்டியிருந்தார். அவர் இடது காதில் இருந்தது வலது மூடி. செத்ததாகச் சொல்லப்பட்ட இடது மூடி அவருடைய வலது காதில் இருந்தது, அதில் ஒரு குறையும் அவருக்குத் தெரியவில்லை.

"ஞானா, வயரைப் பாருங்க. திருப்பிப் போட்டிருக்கீங்க" என்றார் ரகுபதி. ஞானசேகரன் கழற்றவில்லை. கண்ணை மூடியபடி, என்ன சொல்கிறீர்கள் என்பதுபோல் கையை மட்டும் ஆட்டிவிட்டு, அதே வாக்கில் ஹெட்போனைக் கழற்றிப் பக்கத்திலிருந்த பாலகிருஷ்ணனிடம் கொடுத்தார். பாலகிருஷ்ணன் உறையை மாற்றி, அதே வாக்கில் வாங்கி மாட்டிக்கொண்டார்.

ரகுபதி போனை எடுத்தார். சிவப்பு வயர் தொங்கும் தோளைக் கிட்டே வைத்துப் படமெடுக்கலாம் என்று ஒரு கணம் தோன்றியது, நன்றாகவே வரும். படமெடுக்கவில்லை. ஒருவர் அழுக்கை இன்னொருவருக்குக் காட்டிப் பிழைத்தது போதும். உட்கார்ந்து, விரல் நுனியில் இன்னும் போகாத கருப்போடு, பழைய பதிவுக்குக் கீழேயே எழுதினார். யாசர் கொடுத்த ஹெட்போனில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என் இடது காதில். மெத்தையில் இருந்த கறை என் தலை டை. நான் எழுதியது பொய், அதை நம்பி நீங்கள் கேட்டதும் இல்லாதது. சோதனைத் தாளைப் படமெடுத்துச் சேர்த்தார். அழுத்தினார்.

வடைத் தட்டுகளுக்கு நடுவில் போன்கள் ஒவ்வொன்றாக வெளிச்சம் போட்டன. ஒன்று அதிர்ந்து அதிர்ந்து சட்னிக் கிண்ணத்தின் பக்கம் நகர்ந்தது. எல்லாருடைய கண்ணும் பாலகிருஷ்ணன் மேல் இருந்தது. அவர் இடது தோளில் சிவப்பு வயர் தொங்க, கண்ணை இறுக்க மூடி, ஒரு விரலை மெல்ல உயர்த்தி இடது காதின் பக்கம் கொண்டுபோனார்.