ஓடை வரைக்கும் வந்துச்சாம்

"ஸ்டாண்டையாவது போட்டுட்டு ஓடுங்கம்மா!"

செக்யூரிட்டி கத்தியதை வெங்கடேஸ்வரி காதில் வாங்கவில்லை. அவளுடைய ஸ்கூட்டி மில் வாசல் சுவரில் சாய்ந்து, மெல்லச் சரிந்து, தரையில் படுத்தது. அவள் அதற்குள் கேட்டைத் தாண்டி ஒரு காலை உள்ளே வைத்திருந்தாள்.

"கருத்தையாவ வரச் சொல்லுங்க. ஸ்பின்னிங்ல இருக்கான். அவசரம்."

"ஷிஃப்ட் நடக்கும்மா. இடையில ஆளை விட மாட்டாங்க."

"நான் பஞ்சாயத்துத் தலைவர்."

"இது ராஜபாளையம்மா. உங்க பஞ்சாயத்து இங்க செல்லாது."

நேரம் ஓடிக்கொண்டிருந்தது. மதியம் வருவதாகச் சொன்ன அதிகாரி காலையிலேயே ஸ்ரீவில்லிபுத்தூர் வந்து இறங்கிவிட்டார். வாயில் வந்ததைச் சொல்லிவிட்டாள் வெங்கடேஸ்வரி.

"அவன் வீட்ல சீரியஸுங்க. உடனே கூட்டிட்டுப் போகணும்."

செக்யூரிட்டி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"அவரு வீட்ல யாரும்மா இருக்கா? சம்சாரம் தவறிட்டாங்கன்னு ஐப்பசியில லீவு போட்டவராச்சே."

சட்டென்று முகம் சுட்டது அவளுக்கு. டீ குடிக்க வெளியே வந்த பெண்கள் இரண்டு பேர் நின்று அவளைப் பார்த்தார்கள். ஒருத்தி இன்னொருத்தியின் காதில் ஏதோ சொன்னாள்.

"நீங்க உண்மையைச் சொல்லியிருந்தாலே கூப்பிட்டிருப்பேன்" என்று முனகிக்கொண்டே செக்யூரிட்டி போனை எடுத்தார்.

கருத்தையா வெளியே வந்தபோது புருவத்திலும் மீசையிலும் பஞ்சு ஒட்டியிருந்தது. வெங்கடேஸ்வரியைப் பார்த்ததும் பாதியிலேயே நின்றுவிட்டான்.

"நான் வரலைன்னு போன வாரமே சொல்லிட்டேன்லக்கா."

"அதிகாரி வந்துட்டாருலே. ஒரே ஒரு வார்த்தை. அவரு கேப்பாரு, ஆமா சார்னு சொல்லு. அம்புட்டுதான்."

"நீங்களே சொல்லுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியுமே."

"நான் சொன்னா எடுபடாது. புருஷன் வாயால வரணுங்காரு."

பேச்சிகுளம் சின்ன ஊர். ஊருக்கும் மெயின் ரோட்டுக்கும் நடுவே ஒரு ஓடை. கோடையில் மணல், மழையில் வெள்ளம். மழை பிடித்துவிட்டால் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கிடையாது, பாலுக்கு வண்டி கிடையாது. பாலம் கேட்டுப் போட்ட மனுவெல்லாம் ஒரே பதிலோடு திரும்பி வந்தது: மக்கள்தொகை போதாது, நிதி இல்லை. ஐப்பசி மழையில் கருத்தையாவின் மனைவி மாரிசெல்வி பாம்பு கடித்து இறந்தாள். அந்தச் சாவை வெங்கடேஸ்வரி அடுத்த மனுவில் எழுதினாள். அந்த மனு திரும்பி வரவில்லை. அதிகாரிதான் வந்தார். மார்ச் முடிவதற்குள் அவர் பரிந்துரை எழுதாவிட்டால் இந்த வருடத்து நிதி வேறு ஊருக்குப் போய்விடும்.

"அடுத்த மழைக்கு இன்னொரு உசுரு போனா பரவாயில்லையாலே?" என்றாள் அவள். "மாரிசெல்வி பேரைச் சொல்லியாவது அந்தப் பாலம் வரட்டும்னுதான் இம்புட்டுப் பாடுபடுதேன். உனக்கு வலிக்கலையா?"

சொன்ன பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது என்னவென்று அவளுக்கு உறைத்தது. பெண்டாட்டியைப் பறிகொடுத்தவனைப் பார்த்து வலிக்கலையா என்று கேட்டுவிட்டாள்.

கருத்தையா அவளை நிமிர்ந்து பார்த்தான். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. அவள்மேல் பரிதாபப்படுகிறவனைப் போலப் பார்த்தான்.

"இருங்க. மேஸ்திரிட்ட சொல்லிட்டு வாரேன்."

ஸ்கூட்டி பறந்தது. கருத்தையா பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டைத் தாண்டும்போது போன் அடித்தது. ஓரமாக நிறுத்தி ஸ்பீக்கரில் போட்டாள். வார்டு மெம்பர் இருளப்பசாமியின் குரல் ரோட்டுக்கே கேட்டது.

"தலைவரம்மா! லோடு ஆட்டோவ ஓடைக்குள்ள இறக்கியாச்சு. டயரு பாதி மணல்ல முங்கிருச்சு. பாக்கவன் கண்ணுல தண்ணி வந்துரும். பொம்பளையாளுகள வரிசையா உக்கார வச்சிருக்கேன். கருத்தையா மட்டும் வந்து ஒரு அழுகையப் போட்டான்னா படம் ஹிட்டு!"

அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தாள். கண்ணாடியில் அவன் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. கண்ணாடியை வேறு பக்கம் திருப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினாள்.

ஓடைக்கரையில் ஜீப் நின்றது. மாவட்டத் தலைநகரிலிருந்து வந்திருந்த அதிகாரி லிங்கேஸ்வரன் ஓடை மணலில் லோடு ஆட்டோவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். கரையில் பேச்சிகுளமே கூடியிருந்தது. இருளப்பசாமி ஒரு பால்கோவா டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவரைச் சுற்றிச் சுற்றி வந்தான்.

"எனக்கு சுகர் இருக்குய்யா. அதைத் தூரப் போடு" என்றார் அவர். "இந்த வண்டி எப்ப மாட்டுச்சு?"

"விடியக்காலையில சார். எம்புட்டுத் தள்ளியும் நகரல."

"நகராதுய்யா. ஹேண்ட் பிரேக் போட்டிருக்கு."

கரையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். செல்லக்கனி, ஓடைக்கு முதல் வீட்டுக்காரி, அடக்க முடியாமல் சொல்லியே விட்டாள்: "ஏலே இருளப்பா, அதக்கூட எடுக்கத் தெரியாதவனையா மெம்பராக்குனோம்!"

வெங்கடேஸ்வரி கரையிலிருந்து மணலில் இறங்கினாள். தன் ஏற்பாடுதான் இது. வண்டியை இறக்கச் சொன்னது அவள்தான். மன்னிப்புக் கேட்கலாமா என்று வாயைத் திறந்தாள். அதிகாரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"விடுங்கம்மா. பாலம் வேணுங்கிறது நீங்க நடிச்சுக் காட்டாமலே எனக்குத் தெரியுது. கண்ணு இருக்கு. ஆனா இதே மாதிரி ஓடை, இதே மாதிரி ஊரு, என் மேசையில குவிஞ்சு கிடக்கு. உங்க மனு மட்டும் மேல வந்ததுக்கு ஒரே காரணம் இந்தச் சாவு. அது இந்த ஓடையாலதான் நடந்துச்சுன்னு நான் விசாரிச்சு எழுதணும். எழுதிட்டா பாலம் உண்டு. இல்லைன்னா இல்லை."

கையிலிருந்த மனுவைப் பிரித்துச் சத்தமாகப் படித்தார்.

"பாம்பு கடித்த மாரிசெல்வியை ஏற்றிச் செல்ல வந்த ஆம்புலன்ஸ், பாலம் இல்லாத காரணத்தால் ஓடைக்கரை வரை வந்து திரும்பிச் சென்றது. அன்னார் கணவரின் மடியிலேயே துடிதுடித்து உயிர் நீத்தார்."

'துடிதுடித்து' என்ற வார்த்தை கோர்ட்டுப் பக்கத்து டைப்பிங் சென்டரில் சேர்ந்தது. கொஞ்சம் உருக்கமா இருக்கட்டும்மா என்றான் டைப் அடித்தவன். வெங்கடேஸ்வரியும் போட்டுக்கோ என்றாள். அன்றைக்கு அது வெறும் வார்த்தை. இன்றைக்கு, மடியில் வைத்திருந்தவன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். வெங்கடேஸ்வரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைக்கிற சாக்கில் மூடிக்கொண்டாள்.

"ஆம்புலன்ஸ் வந்ததைப் பாத்தது யாரு?" என்றார் அதிகாரி.

"வந்துச்சு சார்" என்று முந்திக்கொண்டான் இருளப்பசாமி. "செல்லக்கனி அக்கா வீடு இந்தா இருக்கு. அக்காதான் பாத்தாக."

"நான் எங்கலே பாத்தேன்? வந்துட்டுத் திரும்பிப் போச்சாம்னு நீதான எங்கிட்டச் சொன்ன?"

"எனக்குத் தலைவரம்மா சொன்னாக."

எல்லாக் கண்களும் வெங்கடேஸ்வரியின் பக்கம் திரும்பின. அவளுக்கு யார் சொன்னது? யோசித்துப் பார்த்தாள். மாரிசெல்வி சாவுக்குத் துட்டி கேட்க வந்த கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். வந்துச்சாம், தண்ணியப் பாத்துச்சாம், திரும்பிப் போயிருச்சாம். யார் வாய் என்று நினைவில்லை.

"பேசிக்கிட்டாக சார்."

அதிகாரி பேனாவை மூடினார்.

"போச்சா, போச்சாமா?"

அவர் மனுவை மறுபடி பிரித்தார்.

"மனுவுல 'சென்றது'ன்னு எழுதியிருக்கீங்க. 'சென்றதாம்'னு எழுதலையே. அந்த 'ஆம்' எங்கம்மா போச்சு?"

கூட்டத்தில் இப்போது யாரும் சிரிக்கவில்லை. வெங்கடேஸ்வரி நிலத்தைப் பார்த்தபடி நின்றாள்.

"சரி, ஆம்புலன்ஸைக் கூப்பிட்டது யாரு? அதையாவது சொல்லுங்க."

"நான் சார்!" அந்த ஒன்றிலாவது நிமிர்ந்து நிற்க அவளுக்கு இடம் கிடைத்தது. "கொட்டுற மழை. சிக்னல் விட்டு விட்டுத்தான் கிடைச்சுது. தெக்குத் தெருவுல சுவரோரமா நின்னு கத்திக் கத்தி இடத்தைச் சொன்னேன். வண்டி கிளம்பிருச்சுன்னு சொன்னாங்க சார். அந்த நம்பிக்கையிலதான் டிராக்டர் வேண்டாம், குலுங்குனா விஷம் ஏறிரும், செத்த நேரம் பொறுங்கன்னு எல்லாரையும் நிறுத்தி வச்சேன். வரலைன்னதும்தான் டிராக்டர்ல ஏத்துனோம். அதுக்குள்ள..."

அதிகாரி கருத்தையாவிடம் திரும்பினார். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"தம்பி, நீங்க சொன்னா எழுதுறேன். ஆம்புலன்ஸ் வந்துச்சா?"

கருத்தையா ஓடையின் அக்கரையைப் பார்த்தான். பிறகு இக்கரையில் நின்ற பிள்ளைகளைப் பார்த்தான். கடைசியாக வெங்கடேஸ்வரியைப் பார்த்தான். மில் வாசலில் பார்த்த அதே பார்வை.

"வந்துச்சு சார்."

"நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேன். அக்கரையில நின்னுச்சு. மேல லைட்டு சுத்திக்கிட்டு இருந்துச்சு. தண்ணி மட்டுமீறிப் போச்சு. செத்த நேரம் நின்னுட்டுத் திரும்பிருச்சு."

அதிகாரி அவனை நீண்ட நேரம் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து, மனுவை ஜீப் பானட்டின்மேல் வைத்து எழுதினார். கையெழுத்துப் போட்டுவிட்டு, "பரிந்துரை இன்னைக்கே போகும்மா" என்றார். "இனிமேலாவது வண்டிய மணல்ல இறக்காதீங்க."

ஜீப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனதும் இருளப்பசாமி விசிலடித்தான். பால்கோவா டப்பா கூட்டத்துக்குள் கை மாறியது. யாரோ வெங்கடேஸ்வரிக்குச் சால்வை போட வந்தார்கள். அவள் விலகி, கருத்தையாவைத் தேடினாள். வேப்பமரத்தடியில் மீசையிலிருந்த பஞ்சைப் பிய்த்துக்கொண்டு தனியாக நின்றான்.

"இம்புட்டுத்தானேலே? இதைச் சொல்லவா இத்தனை நாளா ஓடி ஒளிஞ்ச?"

"நான் எதையும் பாக்கலக்கா."

அவள் சிரிப்பு பாதியில் நின்றது.

"அக்கரை, லைட்டு எல்லாம் பொய். பிள்ளைகளுக்குப் பாலம் வேணும். அதுக்குச் சொன்னேன்."

"நீ பாக்கலைன்னா என்ன? நீ அவ பக்கத்துல இருந்திருப்ப. வேற யாராச்சும் பாத்திருப்பாக."

"வந்திருந்தாத்தானக்கா பாக்க."

வெங்கடேஸ்வரிக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "வரவே இல்லையா? வண்டி கிளம்பிருச்சுன்னு எங்கிட்டச் சொன்னானே பாவி! ஏன்லே இத முன்னாலயே சொல்லல? அவன் மேல கேஸ் போட்டிருப்பேன்ல?"

"அவரு மேல தப்பில்லக்கா. ஆம்புலன்ஸ் டிரைவரு கிளம்பத்தான் செஞ்சாரு."

"உனக்கெப்படித் தெரியும்?"

"உங்க போன்ல சார்ஜ் இல்லைன்னு என் போன்லதான பேசுனீக."

ஆமாம். அவன் கையிலிருந்து பிடுங்கித்தான் பேசினாள்.

"நீங்க பேசி முடிச்ச பொறவு ஊருக்குள்ள சிக்னலே இல்ல. பெரியாஸ்பத்திரி வராந்தாவுக்குப் போன பொறவுதான் போன் உசுரு வந்துச்சு. உள்ள அவள துணி போட்டு மூடிட்டு இருந்தாக. அப்பதான் டிரைவர் கூப்பிட்டாரு."

"என்ன சொன்னாரு?"

"விடுங்கக்கா. வீட்டுக்குப் போங்க."

"சொல்லுலே!"

அவன் சொல்ல மாட்டான் என்று தெரிந்தது. ஐப்பசியிலிருந்து சொல்லாதவன். மனுவில் பெண்டாட்டியின் பெயரைப் பார்த்தும் சொல்லாதவன். வெங்கடேஸ்வரி அவன் சட்டைக் கையைப் பிடித்து உலுக்கினாள். ஊர் பார்த்தது. அவளுக்கு அது தெரியவில்லை.

"எந்த இடம்னு கேட்டாக" என்றான் அவன், அவள் முகத்தைப் பார்க்காமல். "நீங்க பதட்டத்துல, பேச்சிகுளம், திருவண்ணாமலை அடிவாரம்னு சொன்னீக."

அப்படித்தான் சொன்னாள். வேறெப்படிச் சொல்வது? ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய பெருமாள் மலைக்குப் பெயர் திருவண்ணாமலை. பேச்சிகுளத்துக்கு வழி கேட்கிற எல்லோருக்கும், பஸ் கண்டக்டர் முதல் கேஸ் சிலிண்டர்காரன் வரை, அவள் சொல்லும் அடையாளம் அதுதான். இந்தப் பக்கத்தில் அந்தப் பெயருக்கு ஒரே ஒரு மலைதான் உண்டு.

"டிரைவர் நல்ல மனுசன்க்கா. தவிச்சுப் போய்த்தான் பேசுனாரு" என்றான் கருத்தையா. "'அண்ணா, அடிவாரம் முழுக்க விசாரிச்சுட்டேன், பேச்சிகுளம்னு ஒரு ஊரே இல்லைங்கிறாங்க, பேஷன்ட்டைக் கொஞ்சம் ரோட்டுக்குக் கூட்டிட்டு வர முடியுமா, நான் கிரிவலப் பாதையிலதான் நிக்கிறேன்'னாரு."