லியோனி என்றால் லியோனிதான்

கோடை விடுமுறை முடிந்து வேலைக்குத் திரும்பிய முதல் நாளே லியோனியின் கையில் புதுப் பெயர் அட்டை ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் ‘லீலா’ என்று இருந்தது.

லியோனி மன்னார்க் கத்தோலிக்கக் குடும்பத்துப் பெண். ஐம்பத்திரண்டு வயது. நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ‘கார்டெரி’ எனும் குழந்தைகள் காப்பகம் ஒன்றில் பதினாறு வருடமாகக் குழந்தைகளுக்கு மூக்குத் துடைத்து, சாப்பாடு தீத்தி, நித்திரையாக்கி வருகிறாள்.

“இது யாருடையது?” என்று பிரெஞ்சில் கேட்டாள்.

“உங்களுடையதுதான்” என்றார், லியோனியைப் பிரெஞ்சு முறையில் லெயோனி என்றே உச்சரிக்கும் பொறுப்பாளர் மொனிக். “இந்த முறை உங்கள் அறையில் மூன்று லெயோனி. எல்லோரும் இப்போது அந்தப் பெயரைத்தான் வைக்கிறார்கள். நீங்களும் லெயோனி என்றால் குழப்பம். லீலா உங்கள் ஊர்ப் பெயர்தானே?”

தன் மகள் லெயோனியை விட வந்த இளம் தாய் ஒருத்தி இடையில் புகுந்தாள். “லெயோனி என் பூட்டியின் பெயர். லத்தீனில் சிங்கம் என்ற சொல்லிலிருந்து வந்ததாம். கிழவிகளின் பெயர் என்று இடையில் யாரும் வைக்கவில்லை. இப்போது பழசுக்குத்தான் மவுசு. அது சரி, உங்களுடைய உண்மையான பெயர் என்ன?”

“லியோனி.”

அந்தத் தாய் நம்பாமல் தலையாட்டினாள். லியோனிக்குக் காது இரண்டும் சூடேறின. அன்று முழுக்க அவள் எந்த அட்டையும் குத்தவில்லை.

செயின்ட்-மிஷேல் பகுதியில் தன் வீட்டுக்குள் நுழைந்ததும் கணவன் ஞானேந்திரனிடம் கொட்டினாள். அவன் தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“லீலா நல்ல பேர்தானே. பேசாமல் குத்திக்கொண்டு போமன்.”

“நாளைக்கு உங்கடை ஃபக்டரியிலை முருகேசு எண்டு ஒரு பேரைத் தந்தால் போட்டுக்கொண்டு போவியளோ?”

“ஏன் என்னோடை கத்துறாய்? நான் என்ன செய்தனான்?”

“நீங்கள் ஒண்டும் செய்யேல்லை. அதுதான் எனக்கு விசர் வருது!”

அலுமாரியைக் கிளறித் தன் ஞானஸ்நானப் பத்திரத்தை எடுத்தாள். மறுநாள் காலை அதை மொனிக்கின் மேசையில் விரித்து வைத்தாள். மொனிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரின் பிரெஞ்சுப் பெயரைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

“அட, உங்கள் ஊருக்குப் பிரெஞ்சுப் பாதிரிமார் வந்திருக்கிறார்கள்! அப்படியென்றால் இது எங்களிடமிருந்து வந்த பெயர்தான்.”

அவ்வளவுதான், லியோனி வெடித்தாள்.

“வந்தது உண்மை. வந்ததை நாங்கள் எறியவில்லை. எங்கள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக ஒரு லியோனி இருக்கிறாள். கிழவிகளின் பெயர் என்று குப்பையில் போட்டது நீங்கள். இப்போது ஆசை வந்ததும், போட்டிருக்கிறவளிடம் கழற்றித் தா என்கிறீர்களா? இன்றைக்கு மொனிக் என்று யாரும் பிள்ளைக்கு வைப்பதில்லை. நாளைக்கு அதுவும் மவுசாகி மூன்று மொனிக் இங்கே வந்தால், உங்களுக்கு என்ன பெயர் வைப்போம்? சொல்லுங்கள்!”

அவளுடைய பிரெஞ்சு ஒருநாளும் இவ்வளவு சரளமாக வந்ததில்லை.

“மெதுவாக. குழந்தைகள் பயப்படப் போகிறார்கள்” என்றார் மொனிக்.

லியோனி ‘லீலா’ அட்டையை இரண்டாக முறித்து மேசையில் வைத்துவிட்டு அறைக்குப் போனாள்.

வெள்ளிக்கிழமை நிர்வாகத்திடமிருந்து இரண்டு பதில்கள் வந்தன. பழைய பெயரே இருக்கலாம்; மூன்று குழந்தைகளும் கோட் மாட்டும் கொளுக்கிகளில் குடும்பப் பெயரின் முதல் எழுத்தைச் சேர்த்து ஒட்டியாயிற்று. கூடவே, மேலதிகாரியிடம் சத்தம் போட்டதற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம். வாங்கியதற்குக் கையெழுத்துக் கேட்டார்கள். தாள் கிழியும்படி அழுத்திப் போட்டாள்.

அன்று மாலை அந்த இளம் தாய் வாசலில் நின்று கூப்பிட்டாள். “லீலா, என் மகள் இன்றைக்குச் சாப்பிட்டாளா?”

லியோனி போர்வைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“லீலா?”

கடைசிப் போர்வையையும் மடித்து அடுக்கிவிட்டு, லியோனி அவளை நேராகப் பார்த்தாள்.

“அப்படி ஒருவரும் இங்கே வேலை செய்வதில்லை” என்றாள்.