தண்ணீர் ஓடும் மூலைக்கு ஒரு ரயில்

என் மனைவிக்குப் 'பூச்சி' என்று ஒரு செல்லப்பெயர் இருப்பது, கல்யாணமாகி இத்தனை வருஷம் கழித்து, என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில், அவள் தம்பி வாயிலிருந்துதான் எனக்குத் தெரியவந்தது.

"பூச்சி, வளைவை மரத்துக்கு அந்தப் பக்கமா கொண்டு போ" என்றான் அவன். அவளும் பென்சிலை நகர்த்திக்கொண்டே சிரித்தாள். நான் தட்டை வைக்க இடம் தேடிக்கொண்டிருந்தேன். மேஜை முழுக்கச் சார்ட் பேப்பர் விரித்திருந்தது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். மச்சான் அந்தக் கணக்கையெல்லாம் தாண்டி வெகுநாளாகிவிட்டது. கடிகாரம் பழுது பார்ப்பவன். எங்கள் ஊர்க் கடை ஒன்றில் வேலை கிடைத்து வந்தவன், வாடகை வீடு தயாராகும் வரை எங்கள் முன்னறையில் இருக்கட்டும் என்று ஏற்பாடு. கொண்டுவந்தது ஒரு பை துணி, இரண்டு பெரிய பெட்டி. பெட்டிகளில் பேட்டரியில் ஓடும் ஒரு ரயில் எஞ்சின், அதில் மாட்ட நான்கு ரயில் பெட்டிகள், கட்டுக் கட்டாகக் குட்டித் தண்டவாளங்கள். எல்லாம் பழசு. எஞ்சினைப் பிரித்துப் போட்டு அவனே ஓட வைத்திருந்தான். சின்ன வயதில் அக்காவும் தம்பியும் தீப்பெட்டிகளைக் கோத்து ரயில் விடுவார்களாம். பெரியவர்களானதும் தோட்டத்தில் நிஜமாக ஒன்று போடுவது என்று அப்போதே பேசி வைத்தார்களாம். அந்தத் தோட்டம் என் வீட்டுத் தோட்டமாக வந்து வாய்த்தது என் தலையெழுத்து.

என் மனைவி பஸ் டிப்போவில் கால அட்டவணை போடுகிறவள். எந்த வண்டி எப்போது கிளம்பும், எங்கே எத்தனை நிமிஷம் நிற்கும் என்பதெல்லாம் அவள் விரல் நுனியில். வேலை முடிந்து வந்தால் என்னோடு அவள் பேசுவது, "கேஸ் தீரப் போகுது", "குழாய் ஒழுகுது" இந்த ரகம். நானும் பதிலுக்குக் கவிதை பாடியதில்லை, அது வேறு விஷயம். ஆனால் இப்போது பார்த்தால், தம்பியோடு உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு இத்தனை நாள் எந்த அலமாரியில் இருந்தது? எனக்கு வயிறு எரிந்தது. கூடப்பிறந்தவனைப் பார்த்துப் பொறாமைப்படுவது அசிங்கம்தான். அசிங்கம் என்று தெரிந்தால் எரிச்சல் அடங்கிவிடுமா என்ன?

ஒருநாள் அந்தச் சார்ட் பேப்பர் படத்தைக் குனிந்து பார்த்தேன். மரத்தைச் சுற்றி ஒரு பெரிய வட்டம். வட்டத்தில் நான்கு ஸ்டேஷன். ஒன்று 'பூச்சி'. ஒன்று 'ஒட்டடைக்குச்சி', அது அவன். மூன்றாவது 'உடைஞ்ச சைக்கிள்'. நான்காவது 'கருப்பன்'.

"கருப்பன் யாரு?" என்றேன்.

"எங்க நாய் மாமா. நான் ஸ்கூல் படிக்கும்போது செத்துப்போச்சு."

செத்துப்போன நாய்க்கு ஸ்டேஷன் உண்டு. உயிரோடு நிற்கும் எனக்கு இல்லை.

"பரவாயில்லையே, எல்லாருக்கும் இடம் கிடைச்சிருக்கு" என்றேன், ஊசி ஏற்றுகிற மாதிரி.

ஊசி அவனுக்கு உறைக்கவே இல்லை. "இதெல்லாம் நீங்க வர்றதுக்கு முன்னாடி போட்ட பிளான் மாமா" என்றான், வெள்ளந்தியாக. அவளோ தலையைக் குனிந்து அளவுகோலை வைத்து எதையோ அளந்துகொண்டிருந்தாள்.

நீங்கள் வருவதற்கு முன்னாடி. நான் என்னவோ பாதி வழியில் கையைக் காட்டி ஏறினவன் போல.

இதில் என்னை அதிகம் சுட்டது இன்னொன்று. நான் டைல்ஸ் போடுகிறவன். குளியலறை, சமையலறை, மொட்டைமாடி, எதுவானாலும் தரை என்றால் நான்தான். தோட்டத்தில் தண்டவாளத்துக்கு அடித்தளம் போட, வீட்டில் இருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மச்சானே மண்ணைக் கொத்தி, ஜல்லியைப் பரப்பி, காலால் மிதித்து வைத்தான். கடிகாரத்துப் பல்சக்கரத்தைத் தொடும் விரலால் மண்ணைத் தடவினான். நான் மூலையில், துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், என் ஸ்டூலில் உட்கார்ந்து டீ குடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். வேலை முடிந்து வந்து சிமென்ட் கரணையைக் கழுவுவதும் டீ குடிப்பதும் அங்கேதான். தோட்டத்தில் எனக்கென்று இருந்தது அந்த மூலை ஒன்றுதான்.

நல்ல மழை ஒன்று வந்தது. ஜல்லி ஒரு பக்கம், மண் ஒரு பக்கம். தண்டவாளம் பாம்பு மாதிரி நெளிந்து கிடந்தது.

"மண்ணு சரியில்ல மாமா" என்றான்.

"ஆமாமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றேன். அன்று எனக்குச் சோறு இரண்டு பிடி கூடுதலாகவே இறங்கியது.

சாப்பிட்டுக் கைகழுவும்போது அவள் பின்னால் வந்து நின்றாள். "ஏங்க, நீங்களே போட்டுக் குடுங்களேன்."

இந்த ஒரு வார்த்தைக்காகத்தான் காத்துக்கிடந்தேன். ஆனாலும் உடனே இளித்துவிட முடியுமா? "எனக்குத் தலைக்கு மேல வேலை கிடக்கு, பாக்கலாம்" என்றேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பொழுது விடிந்ததும் சிமென்ட் கலந்துகொண்டு நின்றேன்.

நூல் பிடித்து, ரசமட்டக் குமிழியைப் பார்த்துப் பார்த்து, என் சொந்த மாமியார் வீட்டுக்குக்கூட அப்படி உழைத்ததில்லை. மச்சான் பக்கத்தில் வந்து, "ஒரே மட்டமா இருக்கணும் மாமா, கொஞ்சம்கூட ஏத்த இறக்கம் ஆகாது" என்றான். மீனுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க வந்துவிட்டான். "உன் கடிகாரத்துல நான் மூக்கை நுழைச்சேனா? போய் எஞ்சினைத் துடை" என்று விரட்டினேன்.

மரத்தைச் சுற்றி வழுவழுவென்று ஒரு வட்டம். காய்ந்ததும் அவள் குனிந்து உள்ளங்கையால் தடவிப் பார்த்தாள். "கண்ணாடி மாதிரி இருக்குங்க" என்றாள். நான் காதில் விழாதவன் போல நின்றேன், இன்னொரு தடவை சொல்லமாட்டாளா என்று.

தண்டவாளம் பதித்தாயிற்று. முதல் ஓட்டம். எஞ்சின் நான்கு பெட்டிகளோடு 'பூச்சி'யில் கிளம்பி, 'உடைஞ்ச சைக்கிள்' தாண்டியதும் யாரோ துரத்துகிற மாதிரி ஓடத் தொடங்கியது. என் மூலைக்கு வந்து வளைந்தது. அந்தப் பக்கம் ஏறவேண்டும். ஏறவில்லை. சக்கரம் மட்டும் அதே இடத்தில் சுற்றியது. பிறகு முழு ரயிலும் மெதுவாக வழுக்கிப் பின்னால் வந்து, என் ஸ்டூலுக்குப் பக்கத்தில் சாக்கடை வாய்க்கு நேரே நின்றது.

மச்சான் ரசமட்டத்தை எடுத்து வைத்துப் பார்த்தான். எனக்கு அதைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. கால் கட்டைவிரலிலேயே தெரிந்துவிட்டது.

வாட்டம் வைத்திருக்கிறேன். குளியலறைத் தரைக்கு வைக்கிற மாதிரி, தண்ணீர் நேரே சாக்கடை வாய்க்கு ஓடுவதற்கு. வெளித் தரை என்பதால் ஒரு பிடி கூடுதலாகவே. நான் வேண்டுமென்று செய்யவில்லை. ரசமட்டத்தில் குமிழி நட்டநடுவில் நின்றால் இந்தக் கைக்கு ஏதோ தப்பு செய்த மாதிரி இருக்கும். குமிழி கோட்டைத் தொட்டு நின்றால்தான் மனசு ஆறும். வாழ்நாளெல்லாம் அப்படிப் பழகிய கை. இந்தமுறை கூடமே நிஜமாகக் கோணல், அதைப் போட்டவனும் நானே.

"ஒண்ணும் பிரச்சினை இல்ல அக்கா" என்றான் மச்சான். "உடைச்சிட்டு மட்டமா போட்டுடலாம். கடைக்குப் பக்கத்துல ஒரு கொத்தனார் இருக்கார், நான் கூட்டிட்டு வரேன்."

கொத்தனார்! என் வீட்டில், நான் இருக்கும்போது, தரை போட இன்னொருத்தன்! காது சூடானது. சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்தேன். "யாரும் வர வேணாம். நான் போட்டது, நானே உடைக்கிறேன். உங்க விளையாட்டுல நான் நடுவுல வந்ததுதான் தப்பு."

"சுத்தியலைக் கீழ வைங்க" என்றாள் அவள்.

டிப்போவில் டிரைவர்களிடம் பேசும் குரல் அது. வைத்துவிட்டேன்.

அவள் ரயிலுக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். "டேய், பின்னாடி ரெண்டு பெட்டியைக் கழட்டு." கழற்றினான். எஞ்சின் முக்கி முனகி ஏறி, 'கருப்பன்' தாண்டி, வட்டம் முழுக்கச் சுற்றி வந்தது.

"அவ்வளவுதான். மலைக்குப் போற வண்டியில ஆளைக் கம்மியா ஏத்துவோம்ல, அதே கணக்கு. இந்த மூலையில வண்டி நிக்கணும், ரெண்டு பெட்டியை விட்டுட்டுப் போகணும், அடுத்த சுத்துல இழுத்துட்டு வர்ற ரெண்டை விட்டுட்டு இதை எடுத்துக்கணும். இங்க ஒரு ஸ்டேஷன் போட்டா சரியாயிடும்."

"அக்கா, நம்ம பிளான்ல அது கிடையாதே" என்றான் மச்சான். குரல் குழந்தைபோல ஆகிவிட்டது. "எங்கயும் நிக்காம சுத்திக்கிட்டே இருக்கணும்னுதானே பேசுனோம்?"

"அந்தப் பிளான் போட்டப்ப இவரு இல்லடா" என்றாள் அவள். "இப்ப இருக்காருல்ல?"

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் குனிந்து சுத்தியலைத் துடைத்தேன், அதில் அழுக்கே இல்லை.

சாயந்திரம் ஒரு சின்னத் தகரத்தை வெட்டி மஞ்சள் பெயின்ட் அடித்து, கறுப்பில் எழுதிக்கொண்டுவந்து என் மூலையில் நட்டாள். என்னைப் பற்றி யாரிடம் பேசினாலும் அவள் சொல்லும் ஒரே பெயர், தகரத்தில் கொட்டை எழுத்தில் இருந்தது: 'இவரு'.

"பெட்டியைக் கழட்டி மாட்ட இங்க ஒரு ஆள் வேணும்" என்றாள். "நீங்க எப்படியும் இங்கதானே உக்காந்திருப்பீங்க?"

ஸ்டூலை இரண்டு அங்குலம் முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். ரயில் வந்தது. நின்றது. பின்பெட்டி இரண்டையும் கழற்றி ஓரமாக எடுத்து வைத்தேன். போனது. அடுத்த சுற்று வந்தது. மாட்டும்போது கொக்கி விலகியது. அவள் குனிந்து, "அய்ய, அப்படி இல்லங்க" என்று என் விரலைப் பிடித்துக் காட்டினாள். நான் கையை அப்படியே வைத்துக்கொண்டு, "உனக்குப் பூச்சின்னு ஏன் பேரு வந்துச்சு?" என்று கேட்டேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரும் அந்தச் சிரிப்பு.

தற்செயலாக நிமிர்ந்தேன். மரத்தடியில் மச்சான் சார்ட் பேப்பரைச் சுருட்டிக் கையில் வைத்தபடி எங்களையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அவன் வந்த நாளிலிருந்து தினமும் காலையில் சவரம் செய்யும்போது அதைத்தான் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் நான் ஸ்டூலை விட்டு எழுந்திருக்கவில்லை.