பறவை இருந்தால்தான் மானியம்

1

இந்தக் கதை எனக்கு நாற்காலி சுமக்கும்போது கிடைத்தது. நகரமன்றக் கூட்டத்துக்கு நாற்காலி போதவில்லை, பள்ளிக்கூடத்திலிருந்து தூக்கி வா என்றார்கள். கடைசி நாற்காலியைச் சுவரோரம் இறக்கிய நேரத்தில் தலைவர் அம்மா எழுந்து நின்று, உள்ளூர் விமான நிலைய மேம்பாட்டுக்கு அரசு தரும் மானியத்தை நகரம் ஏற்றுக்கொள்கிறதா என்று கேட்டார். எல்லோரும் கை தூக்கினார்கள். தூங்கிக்கொண்டிருந்த உறுப்பினரின் கையைப் பக்கத்தில் இருந்தவர் தூக்கிப் பிடித்தார். நானும் தூக்கிவிட்டேன். சும்மா வருவதை வேண்டாம் என்று சொல்ல எனக்கென்ன கிறுக்கா? என் கையும் கணக்கில் சேர்ந்ததா தெரியாது. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

கதவோரம் நின்ற ஒருவர் மட்டும் கை தூக்கவில்லை. அவர் கையில் ஒரு தகரத் தட்டு இருந்தது. அவருடைய கதைதான் இது.

2

ஆரம்பம் சரியாக வரவில்லை. எழுதிப் பார்த்ததை மறைக்காமல் தருகிறேன்:

"அழகான காலை. வானத்தில் ஒரு விமானம் வெள்ளிப் பறவையைப் போல—"

நிறுத்திவிட்டேன். எங்கள் நிலையத்துக்கு வாரத்தில் ஒரு விமானம்தான் வரும். சில வாரம் அதுவும் மனசு மாறிவிடும். தவிர, விமானத்தைப் பறவை என்று சொல்லிவிட்டால் பின்னால் வரப்போகும் நிஜப் பறவைகளை என்னவென்று சொல்வது?

"அவர் ஏழை. ஆனால்—"

இந்த 'ஆனால்'க்கு அப்புறம் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். நேர்மையானவர் என்று வரும். நிலையத்துக் கழிவறைச் சோப்பு அவர் சட்டைப் பையில் இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆகவே அந்த வாக்கியமும் போகட்டும்.

இருப்பதைச் சொல்கிறேன். அவரை எல்லோரும் தட்டுக்காரர் என்பார்கள். ஓடுபாதையில் பறவை உட்கார்ந்தால் தகரத் தட்டைக் குச்சியால் அடித்து விரட்டுவது அவர் வேலை. விமானம் எந்தக் கிழமை வரும் என்று பறவைகளுக்குத் தெரியாது என்பதால் தினமும் அடித்தார். அடித்து அடித்து வலது தோள் இடது தோளைவிடத் தடித்துப்போய், சட்டை எப்போதும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே இருக்கும். அவர் மனைவி நிலையத்தின் காத்திருப்புக் கூடத்தைப் பெருக்குபவள், எங்களுக்கு அக்கா. நிலைய வாசலை ஒட்டி அவர்களுக்கு ஓர் அறை. ஒரு கட்டில், ஓர் அடுப்பு, திறந்தால் மூடாத ஒரு ஜன்னல். தட்டுக்காரருக்கு வேலை இருக்கும்வரை அறை. வேலை போனால் அறையும் போகும்.

இந்தக் கதையில் போகவோ இருக்கவோ போவது அந்த அறைதான். இதைவிடப் பெரிதாக எதிர்பார்த்து வந்தவர்கள் இப்போதே எழுந்துகொள்ளலாம். நாற்காலியை நான் எடுத்து வைத்துக்கொள்கிறேன்.

3

கூட்டத்துக்குச் சில மாதங்கள் முன்னால் மேலாளர் அவரைக் கூப்பிட்டனுப்பினார்.

"யோவ், பறவை எங்கய்யா?"

"இல்லீங்க சார்."

"ஏன் இல்ல?"

"நான் இருக்கேன்ல சார்."

"அதான்யா பிரச்சினையே."

மேலாளர் விளக்கினார். கூரை மாற்ற அரசிடம் பணம் இல்லை. நாற்காலி வாங்க இல்லை. ஆனால் 'பறவை ஆபத்துத் தடுப்பு' என்ற தலைப்பில் கொட்டிக் கிடக்கிறது.

"கூரை ஓட்டையில பறவை கூடு கட்டும். அதனால கூரை மாத்துறது பறவைத் தடுப்பு. நாற்காலியில எச்சம் போடும். அதனால புது நாற்காலி. புது வேலி. அப்புறம் வாசல்ல ஒரு நீரூற்று."

"நீரூற்றுல தண்ணி குடிக்கப் பறவை வருமே சார்?"

"வரட்டும்யா. அடுத்த வருஷ மானியத்துக்கு ஆகும்."

தட்டுக்காரருக்கு இது நியாயமாகவே பட்டது.

"எல்லாத்துக்கும் மேல ஒரு கருவி வருது. கம்பத்துல ஒலிபெருக்கி. பருந்து மாதிரி தானாவே கத்தும்."

"அப்ப நான் சார்?"

"நீ பருந்து மாதிரி கத்துவியா?"

"இல்ல சார், என் வேலை…"

"இதப் பாரு. மானியம் வரலைன்னா நிலையத்தையே இழுத்து மூடிடுவாங்க. அப்ப உன் வேலை கண்டிப்பா போகும். வந்தா, போனாலும் போகும், போகாமலும் இருக்கும். எது தேவலைன்னு நீயே சொல்லு. ஆய்வுக்கு ஆள் வர்றப்ப இங்க பறவை இருக்கணும். தானியத்துக்கு நான் ஏற்பாடு பண்றேன்."

(மேலாளர் கெட்டவரா என்று கேட்பீர்கள். முதல் பிரதியில் அவருக்கு ஒரு தொப்பையும் தங்கப் பல்லும் வைத்தேன்; பிறகு எடுத்துவிட்டேன். ஒல்லியான மனிதர். கூரை ஒழுகும் இடத்தில் வாளியை வைத்துவிட்டு, வாளி பயணிகள் கண்ணில் படாதபடி அதற்கு முன்னால் போய் நின்றுகொள்பவர். மழைக்காலம் முழுக்க நின்றுகொண்டே இருப்பார்.)

4

இந்தப் பகுதியில் அக்காவை அழவைக்கப் பார்த்தேன். கதையில் ஒரு பெண் அழுதால் கனமாக இருக்கும் என்று நினைப்பு. எத்தனை விதமாக எழுதினாலும் அழமாட்டேன் என்கிறாள். கடைசியில் அவள் பேசினதையே எழுதிவிட்டேன்.

"கூப்பிட்டு என்ன சொன்னாரு?"

"பறவையை வரவைக்கணுமாம்."

"யாரு?"

"நான்தான்."

"இத்தனை வருஷமா அடிச்சு விரட்டிட்டு, இப்பப் போய் வாங்க மாப்பிள்ளைன்னு கூப்பிட்டா வந்துடுமா?"

"தானியம் தராங்களாம்."

"நமக்கா?"

"பறவைக்கு."

"அதானே பார்த்தேன்." துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "பறவை வந்தா கருவி வரும். கருவி வந்தா நீங்க போகணும். குழியையும் நீங்களே வெட்டி, அளவு சரியா இருக்கான்னு ஒருதரம் படுத்தும் பார்த்துட்டு வாங்க."

"வரலைன்னாலும் போயிடும்டி. வந்தா ஒருவேளை வச்சுக்குவாங்க."

"யாரு, அந்த மேலாளரா? அவரையே யாரு வச்சுக்கறதுன்னு தெரியாம நிக்கிறாரு."

 மறுநாள் தட்டுக்காரர் தானிய மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடுபாதைக்குப் போனார்.

5

மூட்டை கொடுத்தார்களே தவிர, தானியத்தை அள்ளிப்போட ஒரு பாத்திரம் கொடுக்கவில்லை. அதனால் அவர் தட்டிலேயே போட்டுக்கொண்டு போய் வீசினார். அடிவாங்கி அடிவாங்கி ஒடுங்கிய தட்டு. ஒடுக்குகளில் கொஞ்சம் தானியம் ஒட்டிக்கொள்ளும். அதை உதிர்க்கக் குச்சியால் விளிம்பில் நாலு தட்டு தட்டுவார். இதுதான் அவர் செய்த தவறு. தட்டைத் தட்டாமல் கீழே வைக்க அந்தக் கைக்குத் தெரியாது.

முதலில் சத்தம் கேட்டுப் பறவைகள் ஓடின. பிறகு கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து பார்த்தன. பிறகு ஒரு காக்கை வந்தது. அது போய் என்ன சொன்னதோ, மற்றவையும் வந்தன. புறா வந்தது, கொக்குகூட எட்டிப் பார்த்தது. கொஞ்ச நாளில் தட்டுச் சத்தம் கேட்டாலே மரத்தைவிட்டுக் கிளம்பின.

இந்த இடத்தில் 'அவர் மனதில் ஏதோ நெருடியது' என்று எழுதுவது வழக்கம். நெருடவில்லை. கூப்பிட்டால் வருகிறதே என்று அவருக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆய்வு அதிகாரி காரில் வந்தார். அன்று விமானம் இல்லை. அவர் வந்து சேர்ந்தபோது பறவைகள் தின்று முடித்து மரத்துக்குப் போயிருந்தன. ஓடுபாதை துடைத்துவிட்டதுபோல் கிடந்தது.

"பறவையே இல்லையே. எதுக்கு மானியம்?" என்றார் அதிகாரி.

மேலாளருக்கு வேர்த்துவிட்டது. "இப்பத்தான் சார் விரட்டினோம்."

"எப்படி விரட்டுறீங்க?"

"ஆள் வச்சிருக்கோம் சார். தட்டுல அடிப்பாரு."

"எங்கே, செஞ்சு காட்டச் சொல்லுங்க."

இத்தனை வருஷத்தில் தட்டுக்காரரின் வேலையைப் பார்க்க வேண்டும் என்று யாரும் கேட்டதில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, தடித்த தோளின் முழு பலத்தோடு அடித்தார்.

வந்தன. நாலு திசையிலிருந்தும் வந்தன. ஓடுபாதை கறுத்தது, கார் வெளுத்தது. மேலாளரின் தலையில் ஒரு புறா உட்கார்ந்து இடம் பார்த்தது. தட்டுக்காரர் பதறிப்போய் விரட்டுவதற்காக இன்னும் ஓங்கி அடித்தார். அடிக்க அடிக்க வந்தன. அதிகாரி காருக்குள் புகுந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளிருந்தே சொன்னார்: "நிலைமை கைமீறிப் போயிருக்கு. கேட்டதுக்கு மேலேயே தரச் சொல்றேன்."

"கலக்கிட்டய்யா!" என்று மேலாளர் கட்டிப் பிடித்தார்.

தட்டுக்காரர் சிரிக்கவில்லை. அந்த வார விமானம் மறுநாள் வரவேண்டியது. அதற்குள் இவற்றை எதைக்கொண்டு விரட்டுவது?

(துடைப்பத்தைக் கொண்டு. அக்கா முன்னால், அவர் பின்னால், ஓடுபாதை நெடுக ஓடினார்கள். விமானத்திலிருந்து பார்த்தவர்கள் வரவேற்பு என்று நினைத்துக் கை அசைத்ததாகக் கேள்வி.)

6

இனி நாற்காலி சுமந்த நாளுக்கு வருவோம். தீர்மானம் நிறைவேறியதும் எல்லோரும் கை தட்டினார்கள். தட்டுக்காரர் படிக்கட்டில் மேலாளரை மறித்தார். நான் நாற்காலிகளோடு இறங்கிக்கொண்டிருந்தேன்; காது சும்மாதானே இருந்தது.

"சார், என் விஷயம்…"

"கருவி வருதேய்யா. அதுக்குச் சம்பளம் வேண்டாம், லீவு வேண்டாம்."

"அறையாவது, சார்? அவ பெருக்கிட்டுத்தானே இருக்கா."

"அவங்களுக்கு வேலை இருக்கு. அறை உன் பேர்லதானே? திறப்பு விழாவுக்கு முன்னாடி காலி பண்ணிடு. அந்த இடத்துலதான் நீரூற்று."

"தட்டைக் கொடுத்துடணுமா சார்?"

"அந்தத் தகரம் யாருக்குய்யா வேணும்?"

இங்கே அவர் கோபப்பட வேண்டும் என்று எழுதினேன். தட்டைத் தரையில் வீசி, "நியாயமா சார் இது?" என்று கேட்டு— கேட்கவில்லை. தட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இறங்கினார். வீசியது நான், அவர் அல்ல.

7

திறப்பு விழா. புதுக் கூரை, புது நாற்காலி, ஆள் உயரத்துக்கு மேல் புது வேலி. கம்பத்தில் கருவி. அது முதல் நாள் கத்தியபோது பறவைகள் அலறி ஓடின. இரண்டாம் நாள் தலையைச் சாய்த்துக் கேட்டன. விழாவன்று ஒலிபெருக்கியின் மேலேயே உட்கார்ந்து சிறகு கோதின. தானியம் நின்றுபோனது அவற்றுக்குப் புரியவில்லை. ஓடுபாதை முழுக்க உட்கார்ந்து காத்திருந்தன.

அமைச்சரின் விமானம் தாழ வந்தது, பார்த்தது, மேலே ஏறிவிட்டது. சுற்ற ஆரம்பித்தது. கருவி தொண்டை கிழியக் கத்தியது. ஒரு காக்கைகூட அசையவில்லை.

அதே நேரம் வேலிக்கு வெளியே கைவண்டியில் கட்டிலும் அடுப்பும் போய்க்கொண்டிருந்தன. வண்டியை இழுத்தவன் நான். அக்கா பக்கவாட்டில் பிடித்துக்கொண்டு வந்தாள். தட்டுக்காரர் தட்டோடு பின்னால். கடைசிப் பொழுதுவரை அறையில் இருந்துவிட்டுத்தான் கிளம்பினார்கள்.

மேலாளர் வேலிக்கு அந்தப் பக்கம் ஓடி வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை. வேலியில் அந்த இடத்தில் கதவும் வைக்கவில்லை.

"யோவ்! தட்டுய்யா! அங்கேயே நின்னு தட்டு! எல்லாம் உன்கிட்ட வந்துடும், பாதை காலியாயிடும்!"

தட்டுக்காரர் உடனே குச்சியை ஓங்கினார். அக்கா அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"சார், அறை?"

"ஏம்மா, மேல ஆளுங்க இருக்காங்கம்மா!"

"கீழேயும் இருக்கோம்ல சார்."

8

மூன்று முடிவு எழுதினேன்.

ஒன்று: தட்டினார். பறவைகள் வேலி தாண்டி வந்தன. விமானம் இறங்கியது. அமைச்சர் கருவியைப் பாராட்டிப் பேசினார். கைவண்டி உருண்டது. (நடக்கக்கூடியது இதுதான். அதனாலேயே எழுதக் கை வரவில்லை.)

இரண்டு: மேலாளர் கண்கலங்கி, "இனிமே நீ நிரந்தரம்யா, அறை உனக்குத்தான்" என்றார். (எழுதும்போது நானே சிரித்துவிட்டேன்.)

மூன்று: தட்டவில்லை. விமானம் பக்கத்து நகரத்துக்குப் போக முயன்று, எரிபொருள்— வேண்டாம். அதில் அமைச்சர் மட்டுமா இருக்கிறார்? விமானி இருக்கிறார். தண்ணீர் கொண்டுவந்து கொடுக்கும் பெண் இருப்பாள். அவர்களுக்கும் எங்காவது ஓர் அறை இருக்கும்.

ஆகவே நான் எழுதுவதை இத்தோடு விடுகிறேன். குச்சி ஓங்கியபடி நிற்கிறது. அக்காவின் பிடி இறுகவும் இல்லை, தளரவும் இல்லை. மேலாளர் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறக்கிறார். அவர் என்ன சொல்லப்போகிறார் என்பதை உங்களிடம் விட்டுவிட்டேன். நல்ல வார்த்தையாக ஏதாவது கொடுங்கள், ஆனால் அவர் சொல்லக்கூடியதாக இருக்கட்டும்.

சீக்கிரம் யோசியுங்கள். மேலே இன்னொரு சுற்று முடியப்போகிறது. வண்டியின் கைப்பிடி என் கையில் இருக்கிறது, கட்டில் ஒரு பக்கமாகச் சரிகிறது. எந்தப் பக்கம் இழுக்கட்டும்?