கண்ணுக்கு எட்டிய தூரம்

மொம்பாசாவில் கணவனோடு இருக்கும் பூர்ணிமா, அப்பா அம்மாவை வரச்சொல்லி மின்னஞ்சல் அனுப்பிய நாளிலிருந்து கல்கத்தா கார்டன் ரீச் வீட்டில் ஆப்பிரிக்காவைத் தவிர வேறு பேச்சே இல்லை. பத்து நாள் பயணம். கடற்கரை, யானையும் சிங்கமும் பார்க்கக் காடு, நடுவில் ஒரு நாள் அப்பாவுக்கென்று பவளப்பாறையில் டைவிங். அம்மா ராஜம் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு வந்த கையோடு மிளகாய்ப்பொடி இடிக்கக் கிளம்பிவிட்டாள். சிங்கம் இருக்கிற ஊரில் மிளகாய் இருக்காது என்பது அவள் முடிவு.

அப்பா கலியனுக்குத்தான் டைவிங் பள்ளியின் படிவம் வந்தது. ஹூக்ளி ஆற்றில் இருபத்தேழு வருடம் துறைமுக டைவராக இருந்து போன வருடம், இரண்டாயிரத்து மூன்றில், ஓய்வு பெற்றவர். மற்றதையெல்லாம் மளமளவென்று நிரப்பினார். கடைசிக் கட்டத்தில், இதுவரை இறங்கிய இடங்களில் நீருக்கடியில் கண்ணுக்கு எட்டிய தூரம் எத்தனை மீட்டர் என்று கேட்டிருந்தது. பூஜ்யம் என்று எழுதி அனுப்பினார்.

நான்காம் நாள் சைபர் கஃபேயில் பதிலை அச்செடுத்து வந்தார். பூர்ணிமா எழுதியிருந்தாள்: "அப்பா, பூஜ்யம்னு தப்பா போட்டுட்டீங்க, பள்ளியில சிரிக்கிறாங்க. சின்ன வயசுல நீங்க சொன்ன மீனெல்லாம் இங்க இருக்கு. மஞ்சள் கோடு போட்டது, கிளி மூக்கு வச்சது, எல்லாம். நீங்கதான் எனக்குக் காட்டணும்."

அன்று அவர் சாப்பிடவில்லை. மறுநாள் காலை, "டிக்கெட் போட வேணாம்னு சொல்லிடு" என்றார்.

ராஜம் உலக்கையைச் சாத்திவைத்தாள். "ஏங்க, என்ன ஆச்சு?"

"நான் ஒரு மீனும் பார்த்ததில்ல, ராஜம். அது சேத்துத் தண்ணி. கையை மூஞ்சிக்கு நேரா வச்சாலும் தெரியாது. தடவித் தடவித்தான் வேலை. அப்ப குழந்தை தெனம் கேக்கும், என்ன பார்த்தீங்கன்னு. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"அதுக்கென்ன? அங்க போய்ப் பாத்துட்டா போச்சு."

"கண்ணு தொறக்காது."

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"என் ஜோடி மாரியப்பன் செத்துப்போனானே, அன்னிக்கு நாங்க ரெண்டு பேரும்தான் உள்ள. கையைப் பிடிச்சு ஒரு அழுத்து அழுத்தினா நல்லா இருக்கேன்னு அர்த்தம். திருப்பி அழுத்தணும். திடீர்னு ஆத்துத் தண்ணி எதிர்ப்பக்கமா இழுக்க ஆரம்பிச்சுது, அவன் கயிறு எங்கியோ மாட்டிக்கிச்சு. நான் தேடினேன், அவன் கை கிடைச்சுது. அழுத்தினேன். திருப்பி அழுத்தல. மறுபடி அழுத்தினேன்." உள்ளங்கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "அன்னிலேருந்து தண்ணிக்குள்ள போனா கண்ணு தானா மூடிக்குது. அந்த வேலைக்குக் கண்ணு வேணாம், யாருக்கும் தெரியல."

இத்தனை வருடம் ஒரே வீட்டில் இருந்துகொண்டு இது தனக்குத் தெரியாமல் போனதே என்று நினைத்தாள் ராஜம். அழுவதற்குப் பதில் எழுந்து பின்கட்டுக்குப் போனாள். துணி ஊறவைக்கும் பெரிய டப்பைத் தேய்த்துக் கழுவிக் குழாய்த் தண்ணீரை நிரப்பினாள்.

"வாங்க. முகத்தை உள்ள வையுங்க. அடியில என்ன இருக்குன்னு சொல்லுங்க."

"வெளையாடாத, ராஜம்."

"நான் வெளையாடுற மாதிரியா இருக்கு?"

அவர் மண்டியிட்டு முகத்தை முக்கினார். கண் இறுக மூடிக்கொண்டது. வலக்கை தானாக உள்ளே இறங்கித் துழாவப் போனது. அவள் அதைப் பிடித்து வெளியே இழுத்தாள். நிமிர்ந்து மூச்சு வாங்கியவரிடம், "கையைக் கட்டிக்கிட்டு, கண்ணால பாருங்க" என்றாள்.

இரண்டாவது தடவையும் முடியவில்லை. வீட்டுக்குள் போய்விடலாம் என்று எழுந்தவர், அவள் ஒரு கையை டப்புக்குள் விட்டபடி நகராமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மறுபடி மண்டியிட்டார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். பயமாக இருந்தது. ஆற்றில் ஒருநாளும் இவ்வளவு பயந்ததில்லை.

கண்ணைத் திறந்தார்.

முதலில் எரிந்தது. பிறகு வெளிச்சம் தெரிந்தது. டப்பின் அடியில் ராஜத்தின் கை விரிந்து கிடந்தது. கட்டைவிரலில் அரிவாள்மணை வெட்டிய பழைய தழும்பு, நகக்கண்ணில் மிளகாய்ச் சிவப்பு. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டியிருந்த கையை விடுவித்து உள்ளே விட்டு, அந்தக் கையைப் பிடித்து ஒரு அழுத்து அழுத்தினார்.

அது திருப்பி அழுத்தியது.